சாக வேண்டிய பாக்டீரியா பிழைத்தபோது: ரெக்-ஏ ஆய்வில் நேர்ந்த ஒரு குழப்பம்

பின்னணி

எங்கள் ஆய்வகம் சிறியது. நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்கள் இரண்டு பேர் ஒரே தலைப்பில் திட்ட வேலை செய்ய வந்திருந்தார்கள். ஒருவர் மூத்த மாணவி. முந்தைய ஆண்டே எங்களிடம் பயிற்சி எடுத்தவர். இன்னொருவர் அந்த ஆண்டுதான் சேர்ந்த இளைய மாணவர். வழிகாட்டி நான். கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆய்வக உதவியாளர் இருந்தார்.

தலைப்பு இதுதான்: புற ஊதா ஒளி, உலர்தல் போன்ற சூழல் நெருக்கடிகளில் பாக்டீரியாவின் டிஎன்ஏ சேதமாகிறது, அதைப் பழுதுபார்க்கும் திறன் இல்லாத பாக்டீரியா எவ்வளவு சீக்கிரம் சாகிறது? இந்தக் கேள்வி மேல் எனக்கு நெடுநாளாக ஆசை. 1956இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கதிர்வீச்சு கொடுத்துக் கிருமி நீக்கியதாக நம்பிய இறைச்சி டின் ஒன்று கெட்டுப்போனது. அதிலிருந்து கிடைத்ததுதான் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். மனிதனைக் கொல்ல ஏறக்குறைய 5 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு போதும். இந்த நுண்ணுயிர் 5,000 கிரேயைத் தாங்கி, துண்டு துண்டாகச் சிதறிய தன் டிஎன்ஏவைச் சில மணி நேரத்தில் மறுபடி ஒட்டவைத்துக்கொள்கிறது. இயற்கையில் அவ்வளவு கதிர்வீச்சு எங்கும் இல்லை. அப்படியானால் இந்தத் திறமை எதற்கு வந்தது? உலர்ந்துபோனாலும் டிஎன்ஏ உடைகிறது, அதைத் தாங்கத்தான் வந்திருக்க வேண்டும் என்பதற்கு 1996இல் நல்ல ஆதாரம் கிடைத்தது. கதிர்வீச்சில் எளிதில் சாகிற டைனோகாக்கஸ் திரிபுகள் (மரபணு மாறிய வகைகள்) உலர்த்தினாலும் எளிதில் செத்தன.

டைனோகாக்கஸ் எங்களிடம் இல்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று இயல்பானது. மற்றது, டிஎன்ஏவைப் பழுதுபார்க்க உதவும் ரெக்-ஏ என்ற மரபணு வேலை செய்யாத திரிபு. இந்தத் திரிபுக்கு ஒரு வரலாறு உண்டு. 1965இல் கிளார்க், மார்குலீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேறு செல்லிலிருந்து வந்த டிஎன்ஏவைத் தன்னுடையதோடு கலந்து இணைக்க முடியாத ஈ.கோலையைத் தேடினார்கள். கிடைத்த திரிபுகள் புற ஊதா ஒளியிலும் பொசுக்கென்று செத்தன. இணைப்பதும் பழுதுபார்ப்பதும் ஒரே கைவேலை என்பது அங்கிருந்துதான் தெளிவானது.

செய்முறை எளியது. வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை உப்புக் கரைசலில் கழுவி, மூடி இல்லாத தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் சில நொடிகள் ஆட்டியபடி வைக்க வேண்டும். மூடி இருக்கக் கூடாது; பிளாஸ்டிக் அந்த ஒளியைத் தடுத்துவிடும். பிறகு நீர்க்கச் செய்து, அகர் (பாக்டீரியா வளரும் கூழ்) தட்டில் பரப்பி, 37 டிகிரியில் இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலனிகளை, அதாவது பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் புள்ளிகளை, எண்ண வேண்டும். இயல்பான வகைக்கு ஒரு நிமிடம் வரை ஒளி கொடுத்தோம். ரெக்-ஏ திரிபுக்கு அதிகபட்சம் 5 நொடிதான். அதற்கு மேல் கொடுத்தால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முதல் அறிகுறி

முதல் இரண்டு வாரம் மூத்த மாணவி தனியாகச் செய்தார். மாலை வகுப்பு முடிந்து வந்து செய்வார். 5 நொடி ஒளி பட்ட ரெக்-ஏ செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழைத்தது. புத்தகத்தில் இருக்கும் பிழைப்பு வளைவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவ்வளவு சரியாக இருந்தது.

மூன்றாம் வாரம் இளைய மாணவர் காலையில் அதே சோதனையைச் செய்தார். மறுநாள் தட்டுகளை என் மேசைக்கே எடுத்து வந்துவிட்டார். மாலைத் தட்டில் நாலு, ஆறு, ஒன்பது என்று காலனிகள் இருந்த அதே நீர்ப்பில், இவருடைய தட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கணக்குப் போட்டால் நூற்றில் ஒன்று பிழைத்திருந்தது. நூறு மடங்கு வித்தியாசம். இரண்டாம் முறை செய்தார், அதேதான். மூன்றாம் முறை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிச் சரியா வருது?" என்று அவர் கேட்டதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அந்தக் கேள்வியைத்தான் அன்றே நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாறாக, புதியவருக்குக் கை இன்னும் பழகவில்லை என்று முடிவு கட்டினேன். மறுபடி செய்யச் சொன்னேன். இரண்டு வாரம் அதிலேயே போனது. பையன் தன் மேலேயே நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார். அதற்குப் பொறுப்பு நான்தான்.

சந்தேகப்பட்டவையும் சோதித்தவையும்

ஐந்தாம் வாரம் மூத்த மாணவிக்கும் ஒரு நாள் அதே மாதிரி வந்தது. விடுமுறை நாள் என்பதால் அன்று அவர் காலையில் செய்திருந்தார். அதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் இது கைக்கோளாறு இல்லை என்பது மட்டும் புரிந்தது. உட்கார்ந்து, என்னவெல்லாம் தவறியிருக்கலாம் என்று எழுதினோம்.

விளக்குதான் முதல் சந்தேகம். பாதரச விளக்கைப் போட்டவுடன் ஒளி நிலைப்படாது, சில நிமிடம் பிடிக்கும். ஆய்வக உதவியாளர் அளவுமானியை வைத்து ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்தார். விளக்கில் குறை இல்லை.

அடுத்தது கலப்படம். ரெக்-ஏ குடுவையில் இயல்பான வகை கொஞ்சம் விழுந்திருந்தால், 5 நொடிக்குப் பிறகு பிழைப்பவை எல்லாம் அந்த இயல்பான செல்களாகத்தான் இருக்கும். இது நியாயமான சந்தேகம். மூன்றாவது, திரிபு திருந்தி மறுபடி இயல்பாகிவிட்டதோ என்பது. அதற்கு வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

இந்த இரண்டையும் ஒரே சோதனையில் தீர்க்கலாம். பிழைத்த காலனிகளில் இருபதை எடுத்து, ஒரு தட்டில் கோடு கோடாக இழுத்தோம். தட்டின் பாதியை அட்டையால் மறைத்து, மீதிப் பாதிக்கு மட்டும் ஒளி கொடுத்தோம். கலப்படமாகவோ திருந்தியதாகவோ இருந்தால், ஒளி பட்ட பாதியிலும் கோடு வளர வேண்டும்.

மறுநாள் காலை அந்தத் தட்டைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது கோடும் மறைத்த பாதியில் வெண்மையாக, தடிப்பாக வளர்ந்திருந்தன. அட்டையின் விளிம்பு இருந்த இடத்தில் கத்தியால் அறுத்ததுபோல் இருபதும் நின்றுவிட்டன. அதற்கு அந்தப் பக்கம் வெறும் அகர்.

அதாவது பிழைத்தவற்றின் வாரிசுகள் அத்தனையும் அசல் ரெக்-ஏ திரிபுதான். முந்தைய நாள் இருந்த அதே பலவீனம் இன்றும் இருக்கிறது. தாய் செல் பிழைத்தது, ஆனால் பிழைக்கும் குணம் பிள்ளைகளுக்கு வரவில்லை. அப்படியென்றால் அது குணத்தால் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஏதோ ஒன்று அதைக் காப்பாற்றியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, இந்த நிகழ்வின் திருப்பம் இந்தத் தட்டுதான்.

பதிவேட்டில் கிடைத்த துப்பு

அதற்குப் பிறகு பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். தேதி, ஒளி நொடி, நீர்ப்பு, எண்ணிக்கை எல்லாம் இருந்தன. நேரம் சில பக்கங்களில்தான் இருந்தது. இருந்த வரைக்கும் பார்த்தால், காலையில் செய்தவை எல்லாம் ஏறிக்கிடந்தன. மாலையில் செய்தவை எல்லாம் இறங்கியிருந்தன.

காலையில் என்ன வேறுபாடு? இளைய மாணவரை ஒவ்வொரு அடியாகச் செய்துகாட்டச் சொன்னேன். ஒளி கொடுத்தார். நீர்க்கச் செய்தார். பரப்பினார். பரப்பிய தட்டுகளை ஜன்னலோரத் திண்டில் அடுக்கினார். அகர் ஈரத்தை உறிஞ்சட்டும், எல்லாத் தட்டும் முடிந்ததும் ஒன்றாக இன்குபேட்டரில் வைக்கலாம் என்று இருந்தார். அந்தக் காத்திருப்பு முப்பது, நாற்பது நிமிடம். நல்ல பழக்கம் என்று நானே பாராட்டியிருப்பேன். அடிக்கடி இன்குபேட்டர் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லதுதானே.

அப்போது மூத்த மாணவி பழைய தட்டுப் படங்களை எடுத்து வைத்தார். ஒரே நீர்ப்பில் ஆறு தட்டு பரப்பிய நாள் அது. அடுக்கின் மேலிருந்த தட்டில் இருநூறுக்கும் மேல் காலனிகள். கீழே வரவரக் குறைந்து, அடித்தட்டில் முப்பதுக்குள். அன்று அதைப் பரப்பும்போது நேர்ந்த ஏற்றத்தாழ்வு என்று எழுதி வைத்திருந்தோம்.

எனக்கு அந்த இடத்தில்தான் மண்டையில் உறைத்தது. 1949இல் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரீசியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளுக்குப் புற ஊதா ஒளி கொடுத்துக்கொண்டிருந்தார். பிழைக்கும் எண்ணிக்கை நாளுக்கு நாள் தாறுமாறாக மாறியது. வெப்பநிலைதான் காரணம் என்று முதலில் நினைத்தார். கடைசியில் காரணம், அவர் குடுவைகளின் மேல் விழுந்த சாதாரண வெளிச்சம். அதே ஆண்டில் ரெனாட்டோ டுல்பெக்கோ என்ற ஆய்வாளர், புற ஊதா ஒளி பட்ட வைரஸ் தொற்றிய பாக்டீரியாத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தபோது, விளக்குக்கு அருகே இருந்த மேல் தட்டுகளில் மட்டும் எண்ணிக்கை கூடியதைப் பார்த்தார். ஒளி பட்டு ஏற்பட்ட சேதத்தை வேறோர் ஒளி சரிசெய்கிறது என்ற கண்டுபிடிப்பு இப்படித்தான் வந்தது.

இந்தக் கதையை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். என் ஆய்வகத்திலேயே அது நடந்தபோது ஐந்து வாரம் அடையாளம் தெரியவில்லை.

ஜன்னல் சோதனை

ஊகம் சரிதானா என்று பார்க்க நான்கு தொகுதி தட்டுகள் வைத்தோம். ஒரே குடுவையிலிருந்து எடுத்த ரெக்-ஏ செல்களுக்கு ஒரே முறை 5 நொடி ஒளி கொடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கில் பரப்பினோம். ஒரு தொகுதியை உடனே அலுமினியத் தாளில் சுற்றி வைத்தோம். இன்னொன்றைத் திறந்தபடி ஜன்னலோரம் நாற்பது நிமிடம் வைத்தோம். மூன்றாவது தொகுதியில் சேதம் செய்யும் ஒளியே படாத செல்கள். அதில் பாதி ஜன்னலில், பாதி தாளில். நான்காவதில், புற ஊதாவுக்கு முன்பே நாற்பது நிமிடம் வெளிச்சம் காட்டி, அதற்குப் பிறகு இருட்டில் வைத்தோம். இந்த நான்காவதை இளைய மாணவர்தான் கேட்டார். வெளிச்சம் செல்களைப் பொதுவாகத் தெம்பாக்குகிறதா, சேதத்துக்குப் பிறகு மட்டும்தான் உதவுகிறதா என்று தெரிய வேண்டும் என்றார். சரியான கேள்வி.

விளைவில் மயக்கமே இல்லை. தாளில் சுற்றியவை பத்தாயிரத்துக்கு ஒன்று. ஜன்னலில் வைத்தவை நூற்றுக்கு ஒன்று. சேதமில்லாத செல்களுக்கு வெளிச்சத்தால் ஒரு மாற்றமும் இல்லை. முன்கூட்டிக் காட்டிய வெளிச்சமும் எதற்கும் உதவவில்லை.

செல்லுக்குள் நடந்தது

புற ஊதா ஒளி டிஎன்ஏவை நேராக வெட்டுவதில்லை. ஓர் இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை (தைமின், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. இதை டைமர் என்கிறோம். சட்டைப் பொத்தான் வரிசையில் இரண்டு பொத்தான் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சட்டையைப் போட முடியாது. அதுபோல, டிஎன்ஏவை நகலெடுக்கும் இயந்திரம் அங்கே வந்து தடுக்கி நிற்கிறது.

இதைச் சரிசெய்ய ஈ.கோலையிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. ஒன்று ஃபோட்டோலயேஸ் என்ற நொதி. இது இருட்டிலேயே டைமரைத் தேடிப்பிடித்து அதன் மேல் உட்கார்ந்துவிடும். ஆனால் வேலையைத் தொடங்க நீல ஒளி வேண்டும். அந்த ஒளியின் ஆற்றலால் ஓர் எலக்ட்ரானை டைமருக்குக் கடன் கொடுக்கிறது, ஒட்டு பிரிகிறது, எலக்ட்ரான் திரும்பி வருகிறது. எதையும் வெட்டுவதில்லை, எதையும் புதிதாகச் சேர்ப்பதும் இல்லை. இதில் ரெக்-ஏவுக்கு எந்தப் பங்கும் கிடையாது. எங்கள் திரிபில் ரெக்-ஏதான் இல்லை. ஃபோட்டோலயேஸ் முழுசாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி 254 நானோமீட்டர் ஒளியைத் தடுக்கும், நீல ஒளியைத் தாராளமாக விடும். தட்டின் பிளாஸ்டிக் மூடியும் அப்படியே. ஆக, காலைத் தட்டுகளுக்கு நாற்பது நிமிடம் இலவச மருத்துவம் நடந்திருக்கிறது.

இரண்டாவது வழி, டைமர் இருக்கும் பகுதியை 12, 13 எழுத்து நீளத்துக்கு வெட்டியெடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்புவது. இதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் இந்த இரண்டு வழியும் எட்டாத டைமர்கள் மிஞ்சும்போது நகலெடுப்பு அவற்றைத் தாண்டிப் போய், பின்னால் இடைவெளி விட்டுச் செல்கிறது. அடுத்த சுற்று நகலெடுப்பு அந்த இடைவெளியில் வந்து விழுந்தால் டிஎன்ஏ இரண்டு இழையும் சேர்ந்து முறிகிறது. உண்மையில் உயிரை எடுப்பது இந்த முறிவுதான். அதைச் சரிசெய்யத்தான் ரெக்-ஏ வேண்டும். வெட்டும் வழியும் ரெக்-ஏவும் இரண்டுமே இல்லாத ஈ.கோலைக்கு, முழுக் குரோமோசோமில் ஒன்றிரண்டு டைமர் இருந்தாலே போதும், சாவுதான். அந்தக் குரோமோசோமின் நீளம் 46 லட்சம் எழுத்து இணைகள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கடினமானது: அதுவரை எடுத்த எண்கள் அத்தனையையும் ஒதுக்கிவிடுவது. மூத்த மாணவி மாலை எண்களையாவது வைத்துக்கொள்ளலாம் என்றார். "மேடம், அதெல்லாம் புத்தகத்தோட ஒத்துப்போகுதே" என்றார். அவருடைய ஐந்து வார உழைப்பு அது, எனக்கும் மனமில்லைதான். ஆனால் மாலையிலும் டியூப்லைட் எரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் என்று எங்கும் எழுதவில்லை. எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகிறது என்பதற்காக ஓர் எண்ணை ஏற்று, ஒத்துப்போகவில்லை என்பதற்காக இன்னொன்றைத் தள்ளினால், நாம் அளப்பது பாக்டீரியாவை அல்ல, நம் விருப்பத்தை. எல்லாவற்றையும் ஒதுக்கினோம். பதிவேட்டில் அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல், காரணம் எழுதி அப்படியே வைத்தோம்.

அடுத்து, ஒளி கொடுத்ததிலிருந்து இன்குபேட்டர் வரை எல்லாம் மஞ்சள் விளக்கில், தாளில் சுற்றி என்று மாற்றினோம். உலர்த்தும் சோதனையை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். மீதி இருந்த நேரத்தில் இரண்டையும் அரைகுறையாகச் செய்வதைவிட ஒன்றை ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்தேன். இந்த முடிவில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்புறம் தெரிய வந்தது

இருட்டில் செய்யத் தொடங்கியபின் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. அப்போது, அதுவரை இரைச்சலுக்குள் மறைந்திருந்த ஒன்று மேலே வந்தது. புற ஊதா ஒளியே கொடுக்காத ரெக்-ஏ தட்டுகளில், எந்தச் சேதமும் செய்யாதபோதே, காலனிகள் குறைவாக இருந்தன. கலங்கலின் அடர்த்தி இரண்டு வகைக்கும் ஒன்றுதான். பிப்பெட்டைச் சந்தேகப்பட்டோம். பிப்பெட் சரியாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் செல்களை நேராக எண்ணி ஒப்பிட்டோம். இயல்பான வகையில் எண்ணிய செல்களில் பெரும்பாலானவை காலனி ஆயின. ரெக்-ஏவில் கிட்டத்தட்டப் பாதிதான்.

டிஎன்ஏவைப் பிடிக்கும் நீலச் சாயம் போட்டுப் பார்த்தபோது விடை கண்ணுக்கே தெரிந்தது. இயல்பான செல் ஒவ்வொன்றின் நடுவிலும் நீலத் திட்டு. ரெக்-ஏ செல்களில் சிலவற்றில் திட்டு மங்கிக் கிடந்தது. இன்னும் சிலவற்றில் ஒன்றுமே இல்லை. செல்லின் உருவம் அப்படியே இருந்தது, உள்ளே டிஎன்ஏ இல்லை. வீடு இருக்கிறது, ஆள் இல்லை.

காரணம் இது. எந்த நெருக்கடியும் இல்லாத சாதாரண வளர்ச்சியிலும் நகலெடுப்பு எங்காவது தடுக்கி, டிஎன்ஏ முறிந்துகொண்டுதான் இருக்கிறது. முறிந்த முனையில் ரெக்-பிசிடி என்ற இயந்திரம் ஏறிக்கொண்டு, இழைகளைப் பிரித்து அரைத்தபடி நொடிக்கு ஆயிரம் எழுத்து வேகத்தில் ஓடுகிறது. கை (χ) என்ற கிரேக்க எழுத்தின் பெயரில் அழைக்கப்படும் எட்டெழுத்துக் குறியீடு ஒன்றை அடைந்ததும் அதன் குணம் மாறுகிறது. அரைப்பதை அடக்கிக்கொண்டு, ஓர் இழையை நீளமாக விட்டு, அதன் மேல் ரெக்-ஏ புரதத்தை ஏற்றிவிடுகிறது. ஈ.கோலையின் குரோமோசோமில் இந்தக் குறியீடு ஆயிரம் இடங்களில் இருக்கிறது. ரெக்-ஏ இழை முழுவதும் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் முழுசான நகலில் தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி நுழைகிறது. அந்த நகலைப் பார்த்து முறிவு நிரப்பப்படுகிறது.

ரெக்-ஏ இல்லாவிட்டால்? ரெக்-பிசிடி தன் வேலையைத் தொடங்குகிறது, அடுத்த கட்டத்தை எடுத்துச் செய்ய யாரும் வருவதில்லை. அரைப்பு நீண்டுகொண்டே போகிறது. பழுதுபார்க்க வந்த இயந்திரமே குரோமோசோமைத் தின்று தீர்க்கிறது. அந்த வெற்றுச் செல்களில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

எங்களுடைய முதல் கணக்கில் இந்தச் செத்த செல்களையும் ஒளியால் செத்தவையாகச் சேர்த்திருந்தோம். இனிமேல் ஒவ்வொரு வகையையும் ஒளி படாத அதன் சொந்தத் தட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம்.

இயல்பான வகையிலும் ஒரு காட்சி கிடைத்தது. ஒளி கொடுத்து இருட்டில் ஒன்றரை மணி நேரம் வளர்த்துப் பார்த்தால், குட்டையான குச்சிகளுக்குப் பதில் நீண்ட நூல்கள் மிதந்தன. டிஎன்ஏ சேதமானால் இழையில் சுற்றிய ரெக்-ஏ, லெக்ஸ்-ஏ என்ற காவல் புரதத்தைத் தன்னைத்தானே வெட்டிக்கொள்ள வைக்கிறது. அது விலகியதும் ஏறக்குறைய நாற்பது மரபணுக்கள் விழித்தெழுந்து வேலை செய்யத் தொடங்குகின்றன. மிரோஸ்லாவ் ராட்மன் என்ற ஆய்வாளர் 1970களில் இதற்கு எஸ்ஓஎஸ் (கப்பல்கள் உதவி கேட்கும் அபாயக் குறி) என்று பெயர் வைத்தார். எவலின் விட்கின் என்ற ஆய்வாளர் அதற்கான அடித்தளத்தைப் போட்டவர். எழும் மரபணுக்களில் ஒன்று, டிஎன்ஏ சரியாகும்வரை செல் பிரியாமல் தடுக்கிறது. செல் பிரியாமல் வளர்கிறது, நூலாகிறது. ஜன்னலோரம் வைத்த செல்களில் நூல்கள் மிகக் குறைவு. ரெக்-ஏ திரிபில் அப்படி நீளவே இல்லை. அதற்கு அபாயச் சங்கு ஊதத் தெரியாது.

பெராக்சைடு சோதனை

ஒரு கேள்வி மிஞ்சியது. வெளிச்சம் காப்பாற்றியது டைமரைப் பிரித்ததால்தானா, அல்லது எந்த டிஎன்ஏ சேதத்துக்கும் அது உதவுமா? ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் இருக்கும் இரும்போடு சேர்ந்து வீரியமான மூலக்கூறுகளை உண்டாக்கி டிஎன்ஏவைத் தாக்குகிறது, இழைகள் முறிகின்றன. ரெக்-ஏ இல்லாத செல் இதில் மிக எளிதில் சாகும். டைமர் இதில் உண்டாவதில்லை. குறைந்த செறிவில் கால் மணி நேரம் வைத்து, பெராக்சைடை நீக்கிவிட்டு, பாதித் தட்டுகளை ஜன்னலிலும் பாதியைத் தாளிலும் வைத்தோம். இரண்டிலும் ரெக்-ஏ ஒரே மாதிரி செத்தது. முறிந்த இழைக்கு ஜன்னல் வெளிச்சம் எந்த உதவியும் செய்யவில்லை.

விளைவு

புதிய முறையில் நான்கு முறை திருப்பிச் செய்ததில், காலை மாலை என்ற பேதமில்லாமல், இருவர் கையிலும் வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. திட்ட அறிக்கை இரண்டு மாதம் தாமதமானது. மூத்த மாணவி புற ஊதாப் பகுதியையும் இளைய மாணவர் ஒளிப் பழுதுபார்ப்பையும் பெராக்சைடையும் எழுதினார்கள். ஒதுக்கிய ஐந்து வாரத்தையும் அறிக்கையில் ஒரு தனிப் பகுதியாகச் சேர்த்தோம். தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்தப் பகுதியில்தான். இருபது கோடு இழுத்த தட்டைப் பற்றி இளைய மாணவர் தடுமாறாமல் விளக்கினார்.

இனி மாற்றுவது

முதலாவது, மாணவரின் எண் விலகினால் கையைச் சந்தேகப்படுவதற்கு முன், அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று ஒரு முறை பார்ப்பேன். நாற்பது நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியதற்கு ஐந்து வாரம் ஆனது. ஒதுக்கிய பக்கங்களைவிட, அந்த நாட்களில் அந்த மாணவர் பட்ட மனக்கஷ்டம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

பிழைத்த காலனிகளை மறுபடி சோதிப்பதை முதல் வாரத்திலேயே வழக்கமாக்கிவிட்டோம். ஓர் இரவில் முடிகிற வேலை. குணமா சூழ்நிலையா என்பதை அது ஒன்றே பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஒரு குறை இருந்துகொண்டே இருக்கிறது. ஃபோட்டோலயேஸ்தான் காரணம் என்பதை நாங்கள் மறைமுகமாகத்தான் காட்டியிருக்கிறோம். அந்த மரபணு இல்லாத திரிபை ஜன்னலோரம் வைத்து, அது பிழைக்கவில்லை என்று காட்டினால்தான் வாதம் முழுமையாகும். அது அப்போது எங்களிடம் இல்லை. இப்போது வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்து வரும் மாணவரின் முதல் வேலை அதுதான். பதிவேட்டிலும் ஒளி நொடிக்கும் நீர்ப்புக்கும் நடுவே புதிதாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறோம்: தட்டு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எந்த வெளிச்சத்தில் இருந்தது.